மிக நன்று, நன்று, சுமார்

நாற்காலி கொண்டுவரவா என்று ஏட்டு கேட்டார், வேண்டாம் என்றாள் அமலோற்பவம், பெஞ்சே போதும் என்றாள், எல்லாரும் உட்காருகிற இடத்தில் நானும் உட்கார்ந்தால் என்ன என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டாள், சிரித்தபிறகு அது கொஞ்சம் அதிகப்படி என்று அவளுக்கே பட்டது. கல்லூரியில் குற்றவியல் துறைக்குத் தலைவி, பிள்ளைகளைக் களப்பயிற்சிக்கு அழைத்து வந்து இதே வராந்தாவில் நின்று இது ரைட்டர் அறை, இது லாக்கப் என்று கையை நீட்டிக் காட்டியவள், ஆனால் புகார் கொடுத்தவளாக இங்கே உட்காருவது இதுதான் முதல் தடவை, உட்கார்ந்து பார்த்தால்தான் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை என்று தெரிகிறது, அசைந்தால் டொக்கென்று ஒரு சத்தம், அசையாமல் இருந்தால் இடுப்பு வலிக்கிறது. இதைக்கூட மனம் குறித்து வைத்துக்கொண்டது, பங்கேற்பு அவதானிப்பு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டது. வீட்டில் களவு போனதற்கு உட்கார்ந்து அழாமல் அதையும் ஆராய்ச்சியாக்கிக்கொள்கிற மனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. வாசலில் பிடித்து வைத்த மோட்டார் சைக்கிள்கள் வெயிலில் துருவேறிக் கிடந்தன, ஒன்றின் மேல் கொடி படர்ந்து பூவும் பூத்திருந்தது. பினாயில் வாடை. எதிர்ச் சுவரில் ஒரு டிவி, அதில் யாரோ சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதன் பக்கத்தில் கைது செய்யப்பட்டவரின் உரிமைகள் என்ற பலகை, அடியில் அன்பளிப்பு என்று போட்டு அவளுடைய துறையின் பெயர், பாதிப் பலகையை மறைத்துக்கொண்டு ஒரு மாதக் காலண்டர். ஏட்டிடம் சொல்லிக் காலண்டரை நகர்த்தி மாட்டச் சொல்லலாமா என்று யோசித்தாள், களவு கொடுத்துவிட்டு வந்த இடத்தில் காலண்டரைப் பற்றிப் பேசுவது அசிங்கம் என்று விட்டுவிட்டாள். இளம்பரிதி உள்ளே இருக்கிறான். ‘ஐயா விசாரணைல இருக்காவ மேடம், இப்ப வந்துருவாவ’ என்று ஏட்டு சொல்லியிருந்தார்.

இளம்பரிதி அவளிடம் படித்தவன். இன்ஸ்பெக்டர் ஆனபிறகும் எங்கே பார்த்தாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசுவான், அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும், நிமிராமல் என்ன செய்யும், துறையில் படித்துவிட்டு எத்தனையோ பேர் இன்சூரன்ஸ் விற்கிறார்கள், துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார்கள், இவன் ஒருவன்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி நின்றான். நேற்றுச் சாயங்காலமும் அவனேதான் வந்தான். அதற்கு முன்பு நடந்தது, அதை நினைத்தால்தான் முகம் எரிகிறது. கல்லூரி விட்டு வந்தவள் பின்கதவு நெம்பிக் கிடப்பதைப் பார்த்தாள், உள்ளே போனால் பீரோ திறந்து கிடக்கிறது, உள்ளே வைத்திருந்த தங்க வளையல்களைக் காணோம், சேலைகளும் உள்பாவாடைகளும் பழைய நைட்டிகளும் கட்டில் மேலும் தரையிலும் இறைந்து கிடக்கின்றன. குற்றம் நடந்த இடத்தில் எதையும் தொடாதே. இதைச் சொல்லாமல் அவள் ஒரு வகுப்பையும் தொடங்கியதில்லை. அதற்காகவே துறையில் ஒரு சின்ன அறையை ஒதுக்கி வைத்திருக்கிறாள், ஜவுளிக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த பொம்மையைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, கத்தியையும் உடைந்த வளையலையும் வைத்துப் பிள்ளைகளை உள்ளே விடுவாள், பட்டுச்சேலைக்காகச் சிரிக்கப் பழகிய பொம்மை செத்துக் கிடக்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் கிடக்கும், பிள்ளைகள் அதற்கு அம்சவேணி என்று பெயர் வைத்திருந்தார்கள், யாராவது அம்சவேணியின் கையை லேசாகத் தொட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்கு மார்க் கிடையாது. அப்பேர்ப்பட்ட அமலோற்பவம் நேற்று இளம்பரிதிக்கு போன் போட்டுவிட்டு, அவன் வருவதற்குள், கீழே கிடந்ததையெல்லாம் பொறுக்கி மடித்து பீரோவுக்குள் அடுக்கிவிட்டாள். ஆண்கள் வருகிறார்கள், உள்பாவாடை தரையில் கிடக்கிறது, அவ்வளவுதான், வேறெதுவும் அந்த நேரத்தில் தலைக்குள் இல்லை. கைரேகை எடுக்க வந்தவர், யாரும்மா இதையெல்லாம் மடிச்சு வச்சது என்று கேட்டார். நான்தான் என்றாள். இளம்பரிதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சிரிக்கவில்லை, பெரிய மனது பண்ணி மறைத்தான், அதுதான் இன்னும் குத்துகிறது. அப்புறம் திரும்பி, தொப்பியைக் கையில் பிடித்தபடி, மெதுவாகக் கேட்டான், கடைசியா வீட்டுக்குள்ள வந்து போனது யார் யார் மேடம். இந்தக் கேள்வியைத்தான், இது எப்படிக் கேட்டாலும் பதில் ஏழையின் வாசலில் போய்த்தான் நிற்கும் என்று அவள் ஒரு மணி நேரம் நடத்துவாள், கேட்கிறவன் மனத்தில் மட்டுமல்ல, சொல்கிறவர் மனத்திலும் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் என்பாள். வந்துபோனவர்கள் எத்தனையோ பேர். அவளுடைய அக்காள் மகன் வந்து ஒரு ராத்திரி தங்கினான். சக ஆசிரியர் ஞானதுரை புத்தகம் கேட்டு வந்தார். கேபிள்காரர் வந்தார். அவள் வாய் என்ன சொல்லிற்று என்றால், பெயிண்டர் மகாராசன் என்று சொல்லிற்று. சொல்லிவிட்டு, சும்மா சொல்றேன், சந்தேகம்லாம் இல்லை என்றும் சொன்னாள். அதையும் அவன் கேட்டான், ஆனால் பெயரைத்தான் எழுதினான்.

பெஞ்சின் மறு ஓரத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தபோது டொக்கென்றது. ஒயர் கூடைக்குள் ஒரு சோற்றுப் பாத்திரம், மேலே ஈரத்துணி. ‘நீங்களும் புகாருக்கு வந்தியளா’ என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அமலோற்பவம், நீங்க என்று கேட்டாள், கேட்காமல் இருந்திருக்கலாம். ‘எம்பேரு பேச்சி. எங்க வீட்ல அவிய பெயிண்டு வேலைக்குப் போறவிய. காலைல டீ குடிக்கப் போனவியள ஜீப்புல ஏத்திட்டு வந்துட்டாவ. கேட்டா, சும்மா விசாரிக்கத்தான், அனுப்பிருவோங்காவ. மத்தியானம் ஆச்சு, சோறாவது குடுத்துட்டுப் போறேன்னா, இருங்காவ.’ அமலோற்பவம் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஒரு கையெழுத்துப் போடணும் மேடம், மதியம் வந்துட்டுப் போங்க என்றுதான் இளம்பரிதி போனில் சொன்னான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பேச்சி அவளைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். ‘யாரோ டீச்சரு வீட்ல களவாம். நாலு நாளு அங்க வேல பாத்தாவ. நல்ல டீச்சருன்னுதான் வந்து சொல்லுவாவ. அவிய குடிக்கிற கப்புலயே டீ குடுத்தாவளாம், டம்ளரு தனியா வைக்கலையாம், அத ஒரு பெரிய கதையா எங்கிட்ட வந்து சொல்லிட்டுக் கெடந்தாவ. அந்தம்மாதான் பேரு குடுத்துருக்கும்னு இப்ப தெருவுல சொல்லுதாவ. இருக்காதுன்னு நான் சொல்லிட்டேன். படிச்சவிய அப்படிச் செய்வாவளா.’ அமலோற்பவம் தலையை ஆட்டினாள், ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும். கப்பு நீலப் பூப் போட்டது. அந்த நாலு நாளும் அவளுக்கும் அது ஒரு பெரிய கதையாகத்தான் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லையே தவிர, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பார், நான் வேறுபாடு பார்ப்பதில்லை. நான்தான் அந்த டீச்சர் என்று இப்போது சொல்லிவிடலாம், மூன்று வார்த்தை, சொல்லிவிட்டு உள்ளே போய் இளம்பரிதியைக் கூப்பிட்டு இவர் இல்லை என்று சொல்லலாம், ஆனால் இவர் இல்லை என்று தெரியுமா என்றால் அதுவும் தெரியாது, தெரியாது என்பதுதான் உண்மை, தெரியாததைத் தெரிந்த மாதிரி நேற்றுச் சொன்னதும் அவள்தான், இன்றைக்கு மாற்றிச் சொல்லப்போகிறவளும் அவள்தான் என்றால் எந்த வாயை நம்புவது. மனம் இப்படியே ஒரு வட்டம் சுற்றி வந்தது. கைப்பையில் போன் அதிர்ந்தது.

குற்றவியல் கல்வியின் தரமும் மதிப்பும் பற்றி ஆசிரியர்களின் கருத்து என்று யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவர் அனுப்பிய கேள்விப் படிவம், மூன்றாவது தடவையாக நினைவூட்டுகிறார் பாவம், காலையில் பஸ்ஸில் பாதி நிரப்பி அப்படியே விட்டிருந்தாள். உங்கள் துறையின் கல்வித் தரத்தை எப்படி மதிப்பிடுவீர்கள், மிக நன்று, நன்று, சுமார், மோசம். நன்று என்று போட்டிருந்தாள், மிக நன்று போட ஆசைதான், அடக்கிக்கொண்டாள். பிற துறையினர் உங்கள் துறையை எப்படி மதிக்கிறார்கள். சுமார் என்று அழுத்தும்போது விரலுக்கே கோபம் வந்தது. சட்டத் துறைக்காரர்கள் எங்கள் பாடத்தைத்தானே அரைகுறையாக நடத்துகிறீர்கள் என்கிறார்கள், சமூகவியல்காரர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளை தனிக்குடித்தனம் போன மாதிரி பார்க்கிறார்கள், சேர்க்கைக்கு வருகிற அப்பாமார்கள் கிரிமினாலஜியா, இதைப் படிச்சா கிரிமினல் ஆகலாமோ என்று சிரிக்கிறார்கள், அதே ஜோக்கை வருஷா வருஷம் புதிதாகக் கேட்பது போலச் சிரித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி வகுப்பு எடுக்க வாருங்கள் என்று போலீஸ்காரர்கள் கூப்பிடுவார்கள், சால்வை போடுவார்கள், பின்வரிசையில் தூங்குவார்கள், ஞானதுரை சொல்வார், மேடம், நாம கறிவேப்பிலை, வாசனைக்குப் போடுவாங்க, சாப்பிடும்போது எடுத்து ஓரமா வச்சிருவாங்க. துறைக்கு இடம் கொடுத்ததும் ஆய்வுக்கூடத்துக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில்தான். அடுத்த வாரம் ஒரு குழு வருகிறது, சேர்க்கை குறைந்த துறைகளை வைத்திருப்பதா மூடுவதா என்று பார்க்க, முதல்வர் அதற்கு இப்போதே வழி சொல்லிவிட்டார், உங்க இன்ஸ்பெக்டர் வந்து பத்து நிமிஷம் பேசட்டும், அவர் ஒருத்தர் போதும். இளம்பரிதி சரி மேடம், கட்டாயம் வர்றேன் மேடம் என்றிருக்கிறான். அவன் இல்லாவிட்டால் துறை இல்லை, துறை இல்லாவிட்டால் ஞானதுரைக்கும் சின்ன வயது ஆசிரியர்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை, அம்சவேணியைத் தூக்கி எந்த மூலையில் போடுவார்களோ தெரியாது, அவளுடைய வாழ்நாளுக்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியாது. மூன்றாவது கேள்வி திரையில் நின்றது. உங்களிடம் படித்தவர்கள், நீங்கள் கற்பித்ததைப் பணியில் பின்பற்றுகிறார்கள். காலையில் இதற்கு மிக நன்று என்று அழுத்தப் போனாள், இளம்பரிதி தொப்பியோடு மனத்தில் வந்து நின்றான், அதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது. இப்போது விரல் அதன் மேலேயே நின்றது, அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை.

அப்போது டிவி சத்தம் கூடியது. ஏட்டு தன் மேஜையிலிருந்து எழாமலே ரிமோட்டை எடுத்து அமுக்கினார், முகத்தில் ஒன்றும் இல்லை, விசிறியைப் போடுகிறவர் முகம் போலத்தான் இருந்தது. சமையல் முடிந்து நகைக்கடை விளம்பரம், ஒரு கல்யாணப்பெண் வளையல் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள், பாட்டு காதை அடைத்தது. இந்த டிவிக்கு இவ்வளவு சத்தம் உண்டா என்று அமலோற்பவம் நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் ஞாபகம் வந்தது, இதை அவளுக்கு ஒருத்தி ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். வெண்ணிலா என்று ஒரு பிள்ளை, ஒல்லி, பேசும்போது துப்பட்டா நுனியைச் சுருட்டும், ஏதோ ஒரு நிலையத்தில் களப்பயிற்சி முடித்து வந்து கருத்தரங்கில் எழுந்து நின்று சொன்னது, உள்ள யாரையாவது விசாரிக்கும்போது வெளிய டிவி சத்தத்தைக் கூட்டுறாங்க மேடம், தினமும் பார்த்தேன். அமலோற்பவம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாள், இது அவதானிப்பா, அனுமானமா. அந்தப் பிள்ளை விழித்தது. உள்ளே நீ போய்ப் பார்த்தியா. இல்ல மேடம். அப்போ டிவி சத்தம் கூடினது அவதானிப்பு, மத்தது அனுமானம், ரெண்டையும் குழப்பக் கூடாது, உட்கார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். அது உட்கார்ந்தது, அப்புறம் அந்த வருஷம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை, இப்போது எங்கே இருக்கிறதோ. அவதானிப்பா, அனுமானமா. டிவி சத்தம் கூடியிருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இளம்பரிதி இருக்கிறான், மகாராசன் இருக்கிறான். நான் உள்ளே போய்ப் பார்த்தேனா, இல்லை. பாதத்தில் அடித்தால் தடம் தெரியாது என்று நான்காம் அலகில் வருகிறது, அவளே எழுதிய குறிப்பு, காவல் வன்முறையின் வகைகள், ஐந்து மார்க் கேள்வி. எழுந்து போய்க் கதவைத் தட்டினால் என்ன ஆகும், ஸ்டேஷன் முழுக்கப் பார்க்க அவன் முகம் சுருங்கும், அடுத்த வாரம் வர மாட்டான், வந்தாலும் வேறு மாதிரி வருவான், இனிமேல் பிள்ளைகளைக் களப்பயிற்சிக்கு எந்த ஸ்டேஷனும் எடுக்காது. தட்டாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது, ஒன்றுமே ஆகாது, கையெழுத்தைப் போட்டுவிட்டு பஸ் ஏறலாம், நாளைக்கு வகுப்பு எடுக்கலாம், வளையல்கூடத் திரும்பக் கிடைக்கலாம். பேச்சி கூடையின் ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ‘என்னத்துக்கு இம்புட்டுச் சத்தமா வைக்காவ’ என்று டிவியைப் பார்த்து முகம் சுளித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டாம், கடவுளே, இவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள் அமலோற்பவம், நினைத்த கையோடு தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது, ஏனென்றால் இத்தனை நாளும் அவள் பார்த்த வேலை அதுதான் போல, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது, அதற்கு அலகு பிரித்து மார்க் போட்டது.

எழுந்தாள். எழுந்தது அவள்தானா என்றுகூட நிச்சயமில்லை, பெஞ்சு டொக்கென்றது, அதனால் எழுந்திருக்க வேண்டும். கதவுக்குப் போகத்தான் காலெடுத்தாள், கால் எதிர்ச் சுவருக்குப் போனது, அவளுடைய துறையின் பலகைக்குக் கீழே பிளக் இருந்தது, குனிந்து பிடுங்கினாள். கல்யாணப்பெண் பாதிச் சிரிப்பில் அணைந்து போனாள். அந்த அமைதி வந்து நின்ற வேகத்தில் முதலில் விசிறி கேட்டது, அப்புறம் வெளியே ஒரு ஆட்டோ, அப்புறம் மூடிய கதவுக்குப் பின்னால் மரம் மரத்தில் படாமல் வேறெதிலோ படுகிற ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு ஆண்குரல், கத்தவில்லை, அம்மா என்று சொன்னது, களைத்துப் போனவன் தண்ணீர் கேட்பது போலத்தான் சொன்னது. பேச்சி கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். ‘எங்க வீட்டு ஆளு’ என்றாள், யாரிடமும் இல்லை. ஏட்டு ரிமோட்டை அமுக்கிப் பார்த்தார், மறுபடி அமுக்கினார். கதவு திறந்தது, இளம்பரிதி சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான், தலையில் தொப்பி இல்லை, அதனால் கையில் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. ‘மேடம், வந்து ரொம்ப நேரமாச்சா, சொல்லவே இல்லையே’ என்றான், ஏட்டைப் பார்த்து முறைத்தான். ‘வாங்க, ரூம்ல உக்காருங்க.’ அவள் கையில் பிளக் இருந்தது. ‘அவரைக் கைது பண்ணியிருக்கியா இளம்பரிதி?’ ‘இல்ல மேடம், சும்மா விசாரணைதான்.’ ‘கைதுன்னா காரணத்தை எழுது, வீட்டு ஆளுக்குச் சொல்லு, இந்தா நிக்கிறாங்க வீட்டு ஆளு. இல்லைன்னா அனுப்பு. நடுவில் ஒன்று கிடையாது.’ வகுப்பில் மேஜையைத் தட்டித் தட்டி அவள் சொல்கிற வாக்கியம் அது, பிள்ளைகள் அவளைப் போலவே சொல்லிக் கேலி பண்ணுவார்கள், இளம்பரிதியும் பண்ணியிருப்பான். ‘இந்தக் கேள்விக்கு நீ எழுதின பதிலை இன்னைக்கும் வகுப்புல படிச்சுக் காட்டுறேன்’ என்றாள். அவன் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, மரியாதையாக, பக்கத்தில் வந்து சொன்னான். ‘மேடம், அது பரீட்சை மேடம்.’

கதவு திறந்தபடியே இருந்தது. தரையில் காலை நீட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான், வாசலிலிருந்து பார்த்தால் முகம் தெரியவில்லை, இரண்டு உள்ளங்கால்கள்தான் தெரிந்தன, ஒன்றில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டிக் காய்ந்திருந்தது, அவளுடைய வீட்டுச் சுவரின் வெள்ளைதான் அது. ‘டீச்சரா?’ என்று உள்ளேயிருந்து கேட்டது. ‘டீச்சரு குரல்தான. வந்துட்டியளா டீச்சர். நல்லவேளை. நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் அந்த உள்ரூம் பக்கமே போகல, நீங்க சொன்னா நம்புவாவ.’ பேச்சி மெதுவாகத் திரும்பி அமலோற்பவத்தைப் பார்த்தாள், மேலிருந்து கீழாக, கைப்பை, சேலை, செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பார்க்க அவளுக்கு நேரம் தேவைப்பட்டது. ‘நான்தான் பேரைச் சொன்னேன்’ என்றாள் அமலோற்பவம். உள்ளே கேட்கிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னாள். ‘மகாராசன், நான்தான் உங்க பேரைச் சொன்னேன். தெரிஞ்சு சொல்லலை. கேட்டாங்க, வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். இதை அப்படியே எழுதிக்கோ இளம்பரிதி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன், அதுக்குத்தானே வரச் சொன்ன. எழுதி முடிக்கிற வரைக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கட்டும்.’ உள்ளங்கால்கள் மெதுவாக மடங்கிக்கொண்டன. பேச்சி கூடையை எடுத்துக்கொண்டு, அமலோற்பவத்தின் சேலை தன் மேல் படாமல் ஒதுங்கி நடந்து, கதவு நிலையில் போய் உட்கார்ந்தாள், யாரும் தடுக்கவில்லை, இளம்பரிதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏட்டுதான் எழுந்து வந்தார். வயதானவர், இந்த மாதிரிச் சங்கடங்களை ஆற்றிவிடத் தெரிந்தவர், அக்கறையாகக் கையை நீட்டினார். ‘வயரு ஒழுங்கா இருக்காது மேடம், ஷாக் அடிச்சிரும். எங்கிட்டக் குடுங்க, நான் மாட்டிருதேன்.’ அவள் கொடுக்கவில்லை.